கிளம்பும்போது 'டொக்' சத்தம்: லேண்ட் ரோவருக்கு முழு ஷாஃப்டா, குரொஸ் மட்டுமா?

ஜூன் 7, இரவு 8.40 (கேள்வி, பொகவந்தலாவையிலிருந்து)

எங்களிடம் இருப்பது லேண்ட் ரோவர் 110, பழைய தோட்டத்து வண்டி. மேற்பிரிவுக்கு உரமூட்டை ஏற்றப் போகும். கொஞ்ச நாளாக முதல் கியரில் கிளட்ச் விடும்போது அடியில் 'டொக்' என்று ஒரு அடி. மெதுவாக இறக்கத்தில் வரும்போது கீச் கீச் என்று குருவிச் சத்தம் வேறு. கராஜில் காட்டினேன். ஷாஃப்ட் (அச்சுக்கு இழுவை கொண்டுபோகும் தண்டு) போச்சு, முழுசாக மாற்றணும், கொழும்பில்தான் எடுக்கணும் என்கிறார்கள். சொன்ன விலைக்குக் கன்றோடு ஒரு பசு வாங்கலாம். உண்மையிலேயே முழுதும் மாற்றணுமா? தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

ஜூன் 7, இரவு 10.15 (பதில்)

கொழும்பு பஸ் ஏறாதே தம்பி. குருவிச் சத்தம் என்றால் குரொஸில் (ஷாஃப்ட் முனையில் இருக்கும் சிலுவை மூட்டு) கிரீஸ் செத்துவிட்டது, அவ்வளவுதான். குரொஸ் தேய்வதற்கென்றே உள்ள சாமான். அதைப் பிடித்திருக்கும் யோக் (கவை) காது நன்றாக இருந்தால் ஷாஃப்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. காது போயிருந்தால் அப்போது பேசலாம். இன்று கந்தப்பளையில் லீக்ஸ் ஏற்றி இடுப்பு போய்விட்டது, நாளை எழுதுகிறேன். அதுவரை உரம் ஏற்றாதே.

ஜூன் 8, காலை 6.20

சரி, பார்க்கும் முறை.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்து. பொகவந்தலாவையில் சமதளத்துக்கு எங்கே போவது என்று கேட்காதே. ஸ்டோர் முற்றம், கோயில் வாசல், பாடசாலை மைதானம், எங்கேயாவது ஒன்று இருக்கும். டயர்களுக்கு முன்னும் பின்னும் கல் வை. கருங்கல்லாக இருக்கட்டும், தேயிலைக் கட்டை வேண்டாம். கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இறக்கு. பிரேக் போட்டிருந்தால் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு நிற்கும், ஆட்டம் தெரியாது.

கீழே படுத்து, குரொஸுக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை வைத்து எதிரெதிராகத் திருகு. அப்புறம் மேலும் கீழும் தூக்கிப் பார். இரண்டு கைக்கும் நடுவே அசைவே இருக்கக்கூடாது. 'கொஞ்சம்தான் ஆடுகிறது' என்ற பேச்சே கிடையாது. குரொஸின் மூடிக்குள் இருக்கும் ஊசி ரோலர் கைக்குத் தெரிகிற அளவுக்கு ஆடினால் அது முடிந்தது. ஷாஃப்ட் முழுவதுமே ஒரு கோணம் திரும்பி 'டக்' என்று நிற்பது வேறு விஷயம். அது டிஃப் (அச்சு நடுவில் இழுவையை இரண்டு டயருக்கும் பிரிப்பது) பல்லும் டிரான்ஸ்ஃபர் பொக்ஸ் (இழுவையை முன்னும் பின்னும் பிரிப்பது) பல்லும் விடுகிற இடைவெளி. பழைய லேண்ட் ரோவரில் அது இருக்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் 'ஷாஃப்ட் ஆடுது' என்று சொல்பவர்கள்தான் முழு ஷாஃப்டுக்குக் கணக்குப் போடுவார்கள்.

குரொஸின் நான்கு கப் (முனை மூடி) ஓரத்தையும் டோர்ச் அடித்துப் பார். கறுப்புக் கிரீஸ் கசிந்திருந்தால் உயிர் இருக்கிறது. சிவப்புத் துருத்தூள் ஒட்டியிருந்தால் உள்ளே ஒன்றும் மிச்சமில்லை.

ஜூன் 8, பகல் 12.50

காலையில் எழுதியதில் கல் வைப்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனேன். அது போதாது.

லேண்ட் ரோவரின் ஹேண்ட் பிரேக் பின் டயரைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் பொக்ஸுக்குப் பின்னால் ஒரு டிரம் இருக்கிறதே, அதைத்தான் பிடிக்கிறது. பின் ஷாஃப்ட் அந்த டிரம்மோடுதான் பூட்டப்பட்டிருக்கிறது. பின் ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் ஹேண்ட் பிரேக்குக்கும் பின் டயருக்கும் உறவு அறுந்தது. நடு டிஃப் லொக் (முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டுவது) போடாமலிருந்தால் முன் டயரும் அதன் இஷ்டத்துக்கு உருளும். பிரேக் மட்டும் போட்டிருக்கிறேன், கியர் மட்டும் போட்டிருக்கிறேன் என்று நம்பிப் படுத்தால் வண்டி சரிவைப் பார்த்துக் கிளம்பிவிடும். ஆள் அடியில்.

ஷாஃப்டைக் கழற்றாமல் ஒரு பின் டயரை ஜக் போட்டுத் தூக்கினாலும் இதே ஆபத்துதான். தூக்கிய டயர் சும்மா சுற்ற, தரையில் இருக்கிற டயர் டிஃப் வழியாக உருண்டுவிடும். வேறு வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இது தெரியாது. நான் வேலை பழகிய தோட்டத்து வேர்க்ஷொப்பில் பழைய பாஸ் ஒருவர் இருந்தார். ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் ஒவ்வொரு கல்லையும் காலால் உதைத்துப் பார்ப்பார். கல் அசைந்தால் கல் வைத்த பையனுக்கு ஒரு குட்டு. எனக்கும் விழுந்திருக்கிறது.

ஜூன் 11

தம்பி பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். பின் ஷாஃப்டின் டிஃப் பக்கத்துக் குரொஸ் ஆடுகிறது, சிவப்புத்தூளும் இருக்கிறது. முன் ஷாஃப்டில் ஆட்டமில்லை. சந்தோஷம். முன் ஷாஃப்டைத் தொடாதே.

மாத்தளை நண்பர் ஒருவர் 'டொக் சத்தத்துக்குக் குரொஸ் மட்டும் காரணமில்லை' என்று குறுக்கே வந்தார். சரியான பேச்சு. அந்த வண்டியில் எப்போதும் நான்கு டயருக்கும் இழுவை போகிறது. கியர் பொக்ஸ், டிரான்ஸ்ஃபர், இரண்டு டிஃப், டிஃபிலிருந்து டயருக்குப் போகும் பக்க ஷாஃப்ட் என்று ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் இடைவெளி. கிளட்ச் விடும்போது அத்தனையும் சேர்ந்து ஒரே அடியாகக் கேட்கும். பின் அச்சின் மேலே உள்ள ஏ-ஃபிரேமின் உருண்டை மூட்டு தேய்ந்தாலும், பின் அச்சைப் பிடிக்கும் கைகளின் ரப்பர் புஷ் போனாலும் அதே 'டொக்'தான். அதனால் குரொஸ் மாற்றியதும் சத்தம் அடியோடு நின்றுவிடும் என்று நான் வாக்குத் தரவில்லை. குருவி பறந்துவிடும், அதற்கு நான் பொறுப்பு.

ஜூன் 12

'ஆடினால் ஆடட்டும், இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமே' என்று கேட்டவருக்கு: ஓட்டலாம். உடையும்போது எந்தப் பக்கம் உடைகிறது என்பதைப் பொறுத்தது உங்கள் அதிர்ஷ்டம். பின் ஷாஃப்ட் டிஃப் பக்கம் கழன்றால் தரையில் இழுபடும், அடித் தகரத்தை அடித்து நொறுக்கும். டிரான்ஸ்ஃபர் பக்கம் கழன்றால் முன்முனை கீழே விழுந்து ரோட்டில் குத்தும், வண்டி முன்னால் போய்க்கொண்டிருக்கும். மிச்சத்தை நீங்களே யோசியுங்கள். இரம்பொடை இறக்கத்தில் வேண்டாம் சாமி.

ஜூன் 15, இரவு

கழற்றும் நாள். தம்பி படம் அனுப்ப அனுப்ப நான் பதில் எழுதினேன், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கிறேன்.

முதலில் குறி. வெள்ளைப் பெயின்ட் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் உளியால் ஒரு கீறல். டிஃப் ஃபிளேன்ஜும் ஷாஃப்ட் ஃபிளேன்ஜும் (நட் போட்டுப் பூட்டும் தட்டுகள்) சேரும் இடத்தில் ஒன்று, சறுக்கும் ஸ்பிளைன் (ஷாஃப்ட் நீண்டு சுருங்குகிற பல் வெட்டிய பகுதி) இரண்டு துண்டாகப் பிரியும் இடத்தில் ஒன்று. 'எனக்கு ஞாபகமிருக்கும்' என்று விடாதே. மழை பெய்து, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் ஞாபகம் இருக்காது.

ஃபிளேன்ஜ் நட்டுக்கு 9/16 ஸ்பேனர். கையில் மில்லிமீட்டர் செட் மட்டும் இருப்பவர்கள் 14 போட்டு முயல்வார்கள். 9/16 என்பது 14.29 மில்லிமீட்டர். 14 உள்ளே போகாது, 15 வழுக்கி நட்டின் மூலையைத் தின்றுவிடும். பழைய தோட்டத்து ஸ்பேனர்களை இரும்புக்காரனுக்குப் போடாமல் வைத்திருந்தால் இந்த நாளுக்குத்தான். நட் நைலொன் வளையம் வைத்த நட், ஒரு தடவை கழற்றினால் மறுபடி போடாமல் புதிதாக வாங்கு.

ஷாஃப்ட் வெளியே வந்ததும் சர்க்கிளிப் (கப்பைப் பிடித்திருக்கும் வளையம்) நான்கையும் எடு. துருவில் அசையாவிட்டால் உள்வளையத்தில் லேசாகத் தட்டி, எண்ணெய் விட்டு, ஒரு பிளேன்டி குடித்துவிட்டு வா. அப்புறம் சுத்தியலைத் தூர வை. வைஸில் ஒரு பக்கம் சின்னச் சொக்கட், மறுபக்கம் கப் நுழைகிற அளவு பெரிய சொக்கட். வைஸை இறுக்கினால் சின்னது தள்ளும், மறுபக்கக் கப் பெரிய சொக்கட்டுக்குள் வந்து விழும். சுத்தியலால் யோக் காதில் அடிக்கும் ஒவ்வொரு அடியும் காதை வளைக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் வளைந்த காதுக்குள் புதுக் குரொஸ் இறுகி, சீக்கிரமே அதுவும் போகும்.

தம்பி அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கப்புக்குள் கிரீஸே இல்லை, செந்தூள்தான். ஊசி ரோலரில் பாதி உடைந்து மாவாகியிருக்கிறது. குரொஸின் கையில் ரோலர் அழுத்திய பள்ளம் வரிசை வரிசையாக, சீப்பால் இழுத்த மாதிரி. நகத்தை வைத்து ஓட்டினால் தட்டும். இப்படி இருந்தால் கழுவி, கிரீஸ் போட்டு மறுபடி பூட்டுவதில் அர்த்தமில்லை.

இனி முக்கியமானது. யோக் கண்ணை (காதில் கப் உட்காரும் துளையை) துணியால் துடைத்து, பழைய கப்பின் தேயாத வெளிப்புறத்தைக் கட்டை விரலால் உள்ளே தள்ளிப் பார். விரலுக்கே போய்விட்டால் கண் பெருத்துவிட்டது, யோக் போச்சு. தட்டி அல்லது அழுத்தித்தான் போகும் என்றால் தப்பித்தாய்.

ஜூன் 15, இரவு, சற்றுப் பிறகு

தப்பித்துவிட்டார்.

ஜூன் 16

யோக் கண் பெருத்திருந்தால் என்ன செய்வது என்று மூன்று பேர் கேட்டு, அதற்கு மூன்று வைத்தியமும் வந்துவிட்டது. கண்ணின் உட்புறத்தில் பஞ்ச் வைத்துப் புள்ளி புள்ளியாகக் குத்துவது. பால் டின் தகரத்தை வெட்டிச் சுற்றி இறுக்குவது. கப்பை யோக்கோடு வெல்டிங் வைத்துவிடுவது.

முதல் இரண்டும் வீடு வந்து சேர்வதற்கு. நானும் பால் டின் வைத்து வந்திருக்கிறேன், டின் நன்றாக இருந்தது, பாலும் நன்றாக இருந்தது. ஆனால் கப் கண்ணின் மையத்தில் உட்காராது, ஷாஃப்ட் தள்ளாடும். வெல்டிங் மட்டும் வேண்டாம். அந்தச் சூட்டில் கப்பின் பதம் போய்விடும், சீல் ரப்பர் எரிந்துவிடும், அடுத்த தடவை யோக்கை வெட்டித்தான் எடுக்க வேண்டும். லேத் பட்டறையில் யோக்கை மட்டும் வெட்டி வேறொன்றை ஒட்டவைப்பவர்கள் இருக்கிறார்கள். கைதேர்ந்த லேத்காரர் ஷாஃப்டை மெஷினில் ஓட்டி, நேர் பார்த்து, பெலன்ஸ் செய்து தந்தால் சரி. கண்ணால் நேர் பார்த்து ஒட்டினால் அதற்குப் பழைய ஷாஃப்ட் ஒன்று தேடுவதே மேல்.

ஜூன் 22

குரொஸ் வாங்குவது பற்றி. லேண்ட் ரோவருக்குக் குரொஸ் ஒரே அளவு இல்லை, வருஷத்தையும் ஷாஃப்டையும் பொறுத்து மாறும். '110க்கு ஒன்று தாங்க' என்று கேட்டால் அவர்கள் கையில் இருப்பதைத் தருவார்கள். பழைய குரொஸைக் கழுவித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போ. வேர்னியரால் கப்பின் விட்டத்தையும், கப்போடு சேர்த்து நுனிக்கு நுனி நீளத்தையும் அளந்து எழுதிக்கொள்.

கண்டியிலோ ஹட்டனிலோ கிடைத்தால் அங்கேயே எடு. இல்லாவிட்டால் கொழும்பு உதிரிப்பாகக் கடைத்தெரு பஞ்சிகாவத்தைதான். அங்கே கிடைக்காதது என்று ஒன்றில்லை, கிடைப்பதெல்லாம் அசலும் இல்லை. பெட்டியை நம்பாதே, பேர் பெற்ற பெட்டிக்குள் பேரில்லாத சாமான் வந்ததைப் பார்த்திருக்கிறேன். கப்பைக் கழற்றிப் பார்க்க விடச் சொல். ரோலர் இடைவெளியில்லாமல் நிறைந்திருக்க வேண்டும், குரொஸின் கை பளபளவென்று வழுவழுப்பாக இருக்க வேண்டும், கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் கன் மாட்டும் முளை) உள்ளதாகப் பார்த்து எடு. நிப்பிள் இல்லாத சீல் குரொஸும் உண்டு, நல்ல கம்பனியுடையது நன்றாக உழைக்கும். ஆனால் சேற்றுத் தோட்டத்துக்கு எனக்கு நிப்பிள்தான் பிடிக்கும்.

விலை கூடிவிட்டது என்ற புலம்பலுக்கு: 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அந்த ஐந்து வருஷமும் நாட்டில் இருந்த பழசை எல்லாரும் ஒட்டுப்போட்டே ஓட்டினோம். நல்ல பழைய ஷாஃப்ட் அப்போதே தீர்ந்துவிட்டது. இந்த 110 வகையான பழைய டிஃபெண்டர் தயாரிப்பே 2016 ஜனவரியில் நின்றுபோன கதை வேறு. யோக் கண் நன்றாக உள்ள ஷாஃப்டைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுப்பவர் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள்.

ஜூன் 29

பூட்டும்போது ஒன்றே ஒன்று. கப்பை உள்ளே தள்ளும்போது ஒரு ஊசி ரோலர் சாய்ந்து அடியில் படுத்துவிடும். அப்போது கப் கடைசிக் கொஞ்சம் போகாது, சர்க்கிளிப் பள்ளம் தெரியாது. இன்னும் ஒரு அடி அடித்தால் போய்விடும் என்று தோன்றும். அடிக்காதே. கழற்றி, ரோலரைக் கிரீஸ் வைத்துச் சுவரோடு ஒட்டி மறுபடி. பூட்டி முடித்ததும் குரொஸ் எல்லாப் பக்கமும் கைக்கு வழுவழுவென்று திரும்ப வேண்டும். ஒரு பக்கம் இறுகினால் காதில் மெல்லத் தட்டு, கப் வெளிப்பக்கம் சர்க்கிளிப்பில் போய் உட்கார்ந்துவிடும். (தூர வைக்கச் சொன்ன சுத்தியலுக்கு இங்கே கொஞ்சம் வேலை உண்டு.) நிப்பிள் ஷாஃப்டைப் பார்த்திருக்கட்டும், ஃபிளேன்ஜைப் பார்த்தால் கிரீஸ் கன் நுழையாது. ஃபிளேன்ஜ் நட் 47 நியூட்டன் மீட்டர்.

ஜூலை 1

பூட்டிவிட்டார். குருவி பறந்தது. ஆனால் ஐம்பதைத் தாண்டினால் சீட்டே நடுங்குகிறதாம். முன்பு இல்லாத நடுக்கம்.

ஸ்பிளைனைக் கழற்றிச் சுத்தம் செய்தாயா என்று கேட்டேன். ஆமாம். குறி? பெட்ரோலில் கழுவியபோது பெயின்ட் போய்விட்டதாம். உளிக் கீறல் என்று நானும் சொல்லித்தான் இருந்தேன், சரி விடு.

விஷயம் இதுதான். குரொஸ் ஒன்று சாய்வாகச் சுற்றும்போது மறுபக்கம் ஒரே வேகத்தில் சுற்றாது. ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பின்தங்கும். 20 பாகைச் சாய்வில் அந்த ஏற்ற இறக்கம் கிட்டத்தட்ட 6 சதவீதம் அங்கேயும் இங்கேயும். மறுமுனைக் குரொஸ் அதே அளவுக்கு எதிராகச் செய்து சமன்படுத்தும். அதற்கு ஷாஃப்டின் இரண்டு யோக்கும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஸ்பிளைனில் ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் அந்தச் சமநிலை குலைந்துவிடும். டிஃப் 3.54 என்பதால் டயர் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஷாஃப்ட் மூன்றரைச் சுற்று. ஐம்பதில் அது நிமிஷத்துக்கு ஆயிரத்தைத் தாண்டியிருக்கும், சீட் நடுங்காமல் என்ன செய்யும்.

ஷாஃப்டை இறக்கித் தரையில் வை, இரண்டு யோக்கும் தட்டையாக ஒரே மட்டத்தில் படுக்கிறதா பார். பெலன்ஸ் செய்யணும் என்று யாராவது சொன்னால் இதற்கு அப்புறம்.

ஜூலை 2, காலை

மேலே உள்ளதை முன் ஷாஃப்டுக்கும் பொருத்திவிடாதீர்கள். காயில் ஸ்பிரிங் லேண்ட் ரோவர்களில் முன் ஷாஃப்டின் யோக்குகள் நேர்கோட்டில் இல்லாமலே வருவதுண்டு. முன்பக்கம் டிரான்ஸ்ஃபர் முனையின் கோணமும் டிஃப் முனையின் கோணமும் ஒன்றல்ல, அதற்காக வேண்டுமென்றே தள்ளிப் பூட்டியிருப்பார்கள். அதைப் பார்த்து 'யாரோ தெரியாதவன் பூட்டியிருக்கிறான்' என்று திருத்தப் போனால் நடுக்கத்தை விலைக்கு வாங்கியவர் ஆவீர்கள். முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே.

ஜூலை 2, மாலை

இரண்டு பல் தள்ளியிருந்ததாம். சரி செய்து நோர்வூட் வரை ஓட்டிப் பார்த்திருக்கிறார். நடுக்கமில்லை.

ஜூலை 6

பசறையிலிருந்து ஒருவர்: 'வழியில் பின் ஷாஃப்ட் உடைந்தால் முன் டயரிலேயே வீட்டுக்கு வரலாமா?'

110 என்றால் வரலாம். உடைந்ததை இரு முனையிலும் கழற்றி வண்டிக்குள் போடுங்கள், கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டாம். நடு டிஃப் லொக்கைப் போடுங்கள், போடாவிட்டால் இழுவை முழுவதும் ஷாஃப்ட் இல்லாத பக்கம் ஓடிவிடும், வண்டி நகராது. தார் ரோட்டில் லொக் போட்டால் முறுக்கும் என்பது ஷாஃப்ட் இரண்டும் இருக்கும்போது, ஒன்றுதான் என்றால் அந்தப் பயமில்லை. லொக் போட்டிருக்கும்வரை ஹேண்ட் பிரேக் முன் டயர் வழியாகப் பிடிக்கும், லொக்கை எடுத்தால் பிடிக்காது. நிறுத்தும் இடத்திலெல்லாம் கல்.

ஆனால் எந்த வழியாக வருவது என்பதையும் பாருங்கள். ஏற்றத்தில் பாரம் பின்னால் சாயும், முன் டயர் வெறுமனே சுழலும். மடுல்சீமைப் பக்கத்து ஏற்றத்தில் கொழுந்து ஏற்றிய வண்டியை முன் டயரில் மட்டும் ஏற்றுவது நடக்காத காரியம், மழையில் கேட்கவே வேண்டாம். தூரமானாலும் இறக்கமான வழியைத் தேர்ந்தெடுங்கள், சுமையை இறக்கிவிடுங்கள். இறக்கத்தில் என்ஜின் பிடிப்பது முன் டயரை மட்டும்தான், வளைவில் காலைத் திடீரென்று எடுத்தால் முன் டயர் வழுக்கும்.

லேண்ட் ரோவரின் பழைய சீரீஸ் வண்டி, ஜப்பான் ஜீப்புகள் என்றால் 4 வீல் கியரைப் போட்டு வந்துவிடலாம், கணக்கு ஒன்றுதான்.

ஜூலை 12

சேர்விஸ் ஸ்டேஷனில் தண்ணீரை வேகமாக அடித்து அடிப்பக்கத்தைக் கழுவுகிறோமே, குரொஸ் சாவதற்கு அது பெரிய காரணம். சீலைத் தாண்டி நீர் போய்விடும். கழுவிய அன்றே கிரீஸ் அடியுங்கள். நான்கு கப் ஓரத்திலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த ஒன்று காய்ந்துகொண்டிருக்கிறது. ஷாஃப்டைக் கொஞ்சம் ஆட்டிவிட்டு மறுபடி அடித்தால் சிலநேரம் வழி விடும்.

சறுக்கும் ஸ்பிளைனின் நிப்பிளுக்கு மட்டும் கைக்கட்டுப்பாடு வேண்டும். அங்கே நிறைய அடித்தால் உள்ளே கிரீஸ் அடைத்துக்கொண்டு ஷாஃப்ட் சுருங்க இடமில்லாமல் போகும். பள்ளத்தில் பின் அச்சு எழும்பும்போது அந்த இடி நேராக டிரான்ஸ்ஃபர் பேரிங்குக்குப் போகும். கொஞ்சம் அடித்து நிறுத்துங்கள். லித்தியம் கிரீஸ், 2ஆம் நம்பர், இரண்டு இடத்துக்கும் அதுவே.

ஜூலை 20

தம்பி எழுதியிருக்கிறார்: குருவியும் இல்லை, நடுக்கமும் இல்லை, டொக் சத்தம் பாதி குறைந்திருக்கிறது, மீதி இருக்கிறது. அதைத்தான் எதிர்பார்த்தேன். பின் டயர் நடுவில் ஹப்பின் மேல் ஒரு ரப்பர் மூடி இருக்கும், ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் வந்துவிடும். உள்ளே பக்க ஷாஃப்டின் ஸ்பிளைன் தெரியும். அங்கேயும் சிவப்புத்தூள் இருந்தால் டிரைவ் ஃபிளேன்ஜ் (பக்க ஷாஃப்டை ஹப்போடு சேர்க்கும் தட்டு) தேய்ந்திருக்கிறது, அதை மாற்றுவது குரொஸை விட லேசான வேலை. ஆனால் பக்க ஷாஃப்டின் பல்லும் சேர்ந்து தேய்ந்திருந்தால் ஃபிளேன்ஜை மட்டும் மாற்றுவது காசுக்குக் கேடு. இரண்டு பக்கமும் கழற்றிப் படம் போடு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன். கல்லை மறக்காதே.